இருபத்து நான்கு இடத்துக்கும் ஒரே ஸ்விட்ச்

முரளி, வியாழக்கிழமை மாலை நீ தொலைபேசியில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேசியே தீர்த்திருக்கலாம்தான். ஆனால் நான் பேசும்போது நீ குறுக்கிடுகிறாய், நீ பேசும்போது நான் குறுக்கிடுகிறேன். நம் இருவருக்கும் காகிதம்தான் பாதுகாப்பு. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடிதம் உனக்கு எழுதப்பட்டது, ஆனால் உனக்கு மட்டுமானதன்று. வேறு யார் யார் படிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. வேறு சிலவும் தெரிகின்றன. அதற்கு மருத்துவர் பொறுப்பல்ல.

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துக்கொள்வோம். வலங்கைமான் ஆலையை நான் உன் கையில் ஒப்படைத்து எட்டு மாதமாகிறது. வந்ததும் நீ செய்த முதல் பெரிய காரியம், ஆலையிலுள்ள இருபத்து நான்கு லிமிட் ஸ்விட்சுகளையும் கழற்றிவிட்டு, ஒரே மாதிரியான புதியவற்றை மாட்டியது. ஒரு கதவோ மூடியோ தன் எல்லைவரை வந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, ஓடலாம் அல்லது நிற்கலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற சிறிய ஸ்விட்ச் அது; தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை, நெல் அவிக்கும் ஆவித் தொட்டியின் அடிக்கதவில் இருந்த ஸ்விட்சின் கையை, அதாவது கதவைத் தொடும் நெம்புகோலை, சாக்குச் சணலால் யாரோ இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தாய். கட்டியவள் செல்வி, பதினோரு வருடமாக அந்தத் தொட்டி மேடையில் நிற்பவள். அன்றே அவளை வேலைக்கு வர வேண்டாமென்றாய். திங்கட்கிழமை நீக்கல் கடிதம் கொடுக்கப்போவதாக வியாழக்கிழமை என்னிடம் சொன்னாய். ஏன் கட்டினாள் என்று கேட்டாயா என்றேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் அந்த வாக்கியம்.

"எதுக்கும்மா கேக்கணும்? யூசுப் பாயை அனுப்பினப்ப நீங்க யாரைக் கேட்டீங்க? நீங்க செஞ்சதைத்தான் நானும் செய்யுறேன்."

வாசலில் யாரோ அழைப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வாசலில் யாரும் இல்லை.

யூசுப் பாயிடம் வருகிறேன். அதற்கு முன் ஸ்விட்சைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது எளிது. உன்னை நான் இருபத்து நான்கு ஸ்விட்சுக்காகக் கண்டிக்கப்போவதில்லை. உனக்கு எதுவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது ஒரே துணியில் ஐந்து வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு போனவன் நீ. காலையில் யோசிக்க வேண்டியதில்லையே என்றாய். உன் அப்பா இறந்த வருடம், விடுதியிலிருந்து வந்து பதினாறு நாள் இருந்தபோது நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? வீட்டிலும் ஆலையிலும் இருந்த எல்லாப் பூட்டுகளையும் மாற்றி, அனைத்தையும் ஒரே சாவியில் திறக்கும்படி செய்துவிட்டுப் போனாய். அப்பாவின் சாவிக்கொத்தில் பதினெட்டுச் சாவிகள் இருந்தன. எது எதற்கு என்று அவருக்கு மட்டுமே தெரியும். அம்மா தனியாகத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று பத்தொன்பது வயதுப் பிள்ளை யோசித்திருக்கிறான். அதற்காக நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. திருடனுக்கும் வசதியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன்: அந்த ஒற்றைச் சாவியை எடுக்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்தேன். ஆகவே ஒரே ஸ்விட்ச் என்ற உன் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எது பழுதானாலும் யாரும் தேடக் கூடாது, மாற்று எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

ஆனால் பூட்டைப் போலல்ல ஸ்விட்ச். பூட்டு எங்கே தொங்கினாலும் அதற்கு ஒரே வேலை. ஸ்விட்சோ, தான் நிற்கும் இடத்தின் வெயிலையும் தூசியையும் ஈரத்தையும் நாள் முழுவதும் தின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். லாரி வந்து நெல் கொட்டும் குழியருகே வெயில் நேராக அடிக்கிறது, ஐப்பசியில் மழை சாய்ந்து அடிக்கிறது; அங்கே பிளாஸ்டிக் உடம்புள்ள ஸ்விட்ச் இரண்டு கோடையில் வெடித்துவிடும், உலோக உடம்புதான் வேண்டும். உமி அறையில் நெருப்பல்ல, தூசிதான் எதிரி. உமித் தூசி மாவு போல மெல்லியதாகவும் மணல் போலக் கடினமாகவும் இருக்கும். பொத்தான் போல உள்ளே அழுந்தி வெளியே வரும் வகையை அங்கே வைத்தால், ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் கொஞ்சம் தூசியைக் கூடவே அழைத்துக்கொண்டு போகும். உலர்த்தியின் அருகே உன் ஸ்விட்சின் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் எத்தனை சூடு தாங்கும் என்று பார். பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஸ்விட்ச் தாங்கும் சூடு, ரப்பரின் பெயரை அவர்கள் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள். சல்லடைப் பக்கம் எந்த ஸ்விட்சை வைக்கிறாய் என்பதைவிட, அதன் திருகுகளை எதனால் இறுக்குகிறாய் என்பதே முக்கியம். அந்த நடுக்கத்தில் என் மூக்குக் கண்ணாடியின் திருகே கழன்றிருக்கிறது.

தொடாமலே இரும்பை உணர்கிற சென்சாரை எல்லா இடத்திலும் வைத்துவிடலாமே என்று நீ அடுத்து சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். யூசுப் பாய் போன பிறகு, இனித் தேய்வதும் ஒட்டுவதும் இல்லாத ஒன்றை வைக்கிறேன் என்று தீர்மானித்து, சேமிப்புத் தொட்டியின் கதவில் ஒன்றை மாட்டினேன். நான்கு மாதம் அற்புதமாக வேலை செய்தது. ஒரு நாள் கதவு முழுக்கத் திறந்திருக்க, மூடியாகிவிட்டது என்று அது அடித்துச் சொன்னது. முற்றத்தில் இரண்டு வண்டி நெல் கொட்டிக் கிடந்தது. போய்ப் பார்த்தால், யாரோ தன் சாப்பாட்டுத் தூக்கை, எறும்பு வராத உயரம் என்று, சென்சாரின் தாங்கியிலேயே மாட்டியிருக்கிறார். தூக்கின் அடிப்பாகம் சென்சாரின் முகத்தோடு ஒட்டி நின்றது. இரும்புக் கதவுக்கும் எவர்சில்வர் தூக்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. "உள்ள புளிச்சோறுதாம்மா இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றார் தூக்கின் சொந்தக்காரர், சோற்றை நான் சந்தேகப்படுவதுபோல. எந்த ஸ்விட்ச் உயர்ந்தது என்ற கேள்விக்கு விடையில்லை. அது நிற்கப்போகும் இடத்தில் மனிதர்கள் எதை மாட்டுவார்கள், எதைத் துடைப்பார்கள், எதைக் கட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் தேர்வு. பட்டியலைப் படித்து வாங்குவது தேர்வல்ல.

இனி ஆவித் தொட்டி. அடிக்கதவு முழுக்க மூடினால்தான் நீராவி உள்ளே வர வேண்டும். கதவு திறந்திருக்கும்போது வந்தால், கீழே நிற்பவர் வெந்துபோவார். ஆகவே அந்த ஸ்விட்சைக் கட்டியது விளையாட்டன்று. செல்வி செய்தது தவறு; அதை நான் குறைக்கப்போவதில்லை, அவளும் குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். "கட்டுனது நான்தான்ம்மா, இல்லைங்கல" என்றுதான் பேச்சையே தொடங்கினாள். உன் புதிய ஸ்விட்ச் வந்ததிலிருந்து, தொட்டி நன்றாகச் சூடானதும், கதவு மூடியபடியே இருக்க, திறந்துவிட்டது என்று ஸ்விட்ச் சொல்கிறதாம். பாதியில் ஆவி நின்றுவிடுகிறதாம். அரிசி சரியாக வேகாமல் வயிற்றில் வெள்ளையோடு வருகிறது, மேஸ்திரி அவளைத்தான் ஏசியிருக்கிறார். "மூணு தடவ பதிவேட்டுல எழுதிவச்சேம்மா. சாரு கம்ப்யூட்டர்ல வர்றதத்தான் பாப்பாரு போல. என் கையெழுத்து கம்ப்யூட்டர்ல வரலையே." நான் சிரித்துவிட்டேன். பிறகு எடைமேடையில் இருக்கும் கோவிந்தனிடம் சொல்லி, அந்தப் பக்கங்களையும் கட்டியிருக்கும் ஸ்விட்சையும் படமெடுத்து அனுப்பச் செய்தேன். மூன்று முறை எழுதியிருக்கிறாள், உருண்டை உருண்டையான எழுத்தில்: கதவு சூட்டில் ஒரு நூல் அளவு நகருது, ஸ்விட்ச் கை எட்ட மாட்டேங்குது. முரளி, கல்லூரியில் என்னிடம் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த பெண்கள் இதைவிடத் தெளிவாக ஒரு பழுதை எழுதியதில்லை. உன் ஸ்விட்சின் கை குட்டை. தொட்ட பிறகு மேலும் நகர அதற்கு இடமில்லை. குளிர்ந்த இரும்புக்கு அது சரி. சூட்டில் விரிந்து சுருங்கும் கதவுக்கு, நீளம் மாற்றக்கூடிய கையும், தாராளமாக நகர இடமும் உள்ள வகை வேண்டும். அந்தக் குறையைத்தான் அவள் ஒரு சாண் சணலால் நிரப்பினாள்.

இப்போது யூசுப் பாய். உன் அப்பா ஆனி மாதம் இறந்தார். கல்லூரியில் விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு நான் ஆலைக்குப் போய் உட்கார்ந்தேன். நீ திருச்சியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. யூசுப் பாய் நம் ஃபிட்டர். உன் அப்பா காலத்திலிருந்தே ஆலையின் ஒவ்வொரு போல்ட்டும் அவர் கைக்குத் தெரியும். நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் நீண்ட இரும்புத் திருகு இருக்கிறதே, அதன் தொட்டிக்கு மேல் மூடி போட்டு, மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டுமென்று நான் சொன்னேன். நல்ல யோசனைதான். நான் தேர்ந்தெடுத்தது பொத்தான் வகை: மூடி மேலே அமர்ந்திருக்கும்வரை பொத்தான் அழுந்தியிருக்கும், மோட்டார் ஓடும், மூடியைத் தூக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பொத்தானை வெளியே தள்ளும், மோட்டார் நிற்கும். யூசுப் பாய் தலையாட்டவில்லை. "மூடியத் தெறக்கறப்ப அந்த மூடியே ஸ்விட்ச இழுத்துப் பிரிக்கணும்மா. ஸ்பிரிங் தள்ளும்னு நம்பி வைக்கக் கூடாது. அன்னைக்குன்னு ஸ்பிரிங்குக்கு மனசு வரலைன்னா?" என்றார். ஸ்பிரிங்கின் விசையை நான் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். அவர் தாளை மரியாதையாகப் பார்த்தார். நான் சொன்னபடியே மாட்டினார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ஆலையை நிறுத்திக் கழுவி, மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். உன் அத்தை திருவாரூரிலிருந்து வந்திருந்தார். இயந்திரங்களுக்குச் சந்தனம் வைக்கும் நேரம் வந்ததும் அவர் எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல், "நீ ஒதுங்கி நில்லும்மா. நான் வச்சுடுறேன். தம்பி இருந்திருந்தா நீ வைக்கலாம்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பூஜையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உன் அப்பா இருந்தவரை அந்தத் தட்டை நான் தொட்டதே இல்லை. ஆனால் ஒதுங்கி நில் என்றதும், சந்தனக் கிண்ணத்தை அத்தையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நானே வைத்தேன், குழைத்துக் குழைத்து, தாராளமாக, யாரும் பார்க்கத் தவறிவிடக் கூடாது என்று. பக்தி உள்ளவள் சிறு பொட்டோடு நிறுத்தியிருப்பாள். மோட்டாருக்கு வைத்தேன், மின்பலகைக்கு வைத்தேன், மூடி திறந்திருந்த தொட்டியின் ஓரத்தில் அந்த ஸ்விட்சின் பொத்தான் தெரிந்தது. பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல வட்டமாக இருந்தது. அதற்கும் வைத்தேன். பிறகு மூடிகளைச் சாத்தினார்கள்.

இரண்டு நாள் விடுமுறை. மூடியின் கனத்தில் பொத்தான் அழுந்தியபடியே இருக்க, சந்தனம் அதன் இடுக்கில் இறங்கிக் காய்ந்தது. மூன்றாம் நாள் ஆலை ஓடத் தொடங்கியது. மத்தியானம் வைக்கோல் சிக்கிக்கொண்டது. கோவிந்தன் மூடியைத் தூக்கினான். பொத்தான் வெளியே வரவில்லை. திருகை நெல் மூடியிருந்ததால் அது சுற்றுவது தெரியவில்லை, ஆலையின் இரைச்சலில் காதும் உதவவில்லை. மூடியைத் தூக்கினால் நின்றுவிடும், தைரியமாகக் கையை விடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். விட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அவனை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு, யூசுப் பாய் அந்த ஸ்விட்சைக் கழற்றினார். நானும் அத்தையும் மேஸ்திரியும் சுற்றி நின்றோம். பொத்தானைச் சுற்றிச் சந்தனம் மோதிரம் போலக் காய்ந்திருந்தது. அருகே நின்ற என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அத்தை எதையும் பார்க்கவில்லை, ஆனால் பேசத் தொடங்கிவிட்டார்: "நான் அன்னைக்கே சொன்னேன், ஒதுங்கி நில்லுன்னு. கேட்டியா?" யூசுப் பாய் ஒரு முறை அத்தையைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். கட்டைவிரலால் பொத்தானை ஒரு சுற்றுத் துடைத்து, விரலைக் கைலியில் தேய்த்துக்கொண்டார். "ஸ்பிரிங் போயிருக்கு. நான்தான் பாத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். யார் வைத்திருந்தாலும் அந்தச் சந்தனம் காய்ந்திருக்கும், யார் வைத்திருந்தாலும் அந்தப் பொத்தான் ஒட்டியிருக்கும். இதைச் சொல்ல அங்கே ஒருத்திதான் தகுதி படைத்தவள். இயற்பியல் படித்தவள், மூட நம்பிக்கையைக் கேலி செய்பவள், மற்றவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் பழகியவள். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஊர் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசாது, தாலி இழந்தவள் கையைப் பற்றித்தான் பேசும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சை நான் தாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவரைத் தாங்கச் செய்தேன்.

ஒரு வாரத்தில் கோவிந்தன் வீட்டார் வந்து கேட்டார்கள், யார் பொறுப்பு என்று. யூசுப் பாயை அழைத்து, வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். கருவி அலமாரியின் சாவியை, உன்னுடைய அந்த ஒற்றைச் சாவிதான், என் மேசையில் வைத்துவிட்டு, "சரிம்மா" என்று போனார். கோவிந்தன் திரும்பி வந்ததும் எடைமேடையில் உட்கார வைத்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான், யூசுப் பாயின் கவனக்குறைவால் விரலை இழந்ததாக நம்பிக்கொண்டு. தீபாவளிக்கு நீ வந்தாய். "யூசுப் பாய் எங்கம்மா?" என்றாய். "கவனம் பத்தலை. அனுப்பிட்டேன்" என்றேன். உன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அம்மாவால் ஆலையை நடத்த முடியும் என்று அன்றைக்குத்தான் உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அது உன்னிடம் ஒரு பாடமாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, செல்வியிடம் பேசி முடித்ததும், கார் வைத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போனேன். யூசுப் பாயின் மகன் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவர் அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகன் செய்வதையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். "என்னம்மா, மறுபடி வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா? முட்டி ஒத்துழைக்காது" என்றார். நான் நின்றபடியே சொன்னேன், சந்தனம் வைத்தது நான், பார்த்தேன், தெரிந்தும் அனுப்பினேன் என்று. நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் வராது என்று தோன்றியது.

"தெரியும்மா" என்றார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா சந்தனத்தையா குத்தம் சொல்லியிருப்பாங்க? உங்க கையத்தான சொல்லியிருப்பாங்க."

உங்களுக்கு என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். தேவையில்லாத கேள்விதான்; ஆனால் அவர் பெருந்தன்மையாகப் பொய் சொல்லவில்லை. நிறைய இருந்தது என்றார். நாலைந்து வருடம் வலங்கைமான் பேருந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். உன் அப்பாவின் நினைவு நாளில் ஒரு தடவை ஆலை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். பிறகு, "நான் அன்னைக்கே தொடச்சிட்டேன். நீங்கதான் இன்னும் வச்சிருக்கீங்க" என்றார். மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். குடித்தோம்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது முழுக்க உன் ஆலையைப் பற்றித்தான். ஆவித் தொட்டியில் என்ன ஸ்விட்ச், கேபிள் எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்றார். கோவிந்தன் அனுப்பிய படங்களில் ஒன்றைக் காட்டினேன். "தம்பி மேலேருந்து ஏத்தியிருக்காரு. ஆவித் தண்ணி கேபிளைப் புடிச்சிக்கிட்டே உள்ள எறங்கிடும். கீழேருந்து ஏத்தச் சொல்லுங்க, ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடச் சொல்லுங்க, தண்ணி அங்கயே சொட்டிப் போயிரும். கட்டுன அந்தப் பொண்ணு யாரு? சரியான எடத்துலதான் கட்டியிருக்கு." படத்தை விரலால் பெரிதாக்கி, சணலின் முடிச்சை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது, மொத்தம் எத்தனை ஸ்விட்ச் என்று கேட்டார். இருபத்து நான்கு என்றேன். மகனிடம் சொல்லி, பட்டறையில் கிடந்த தகரத்தில் உள்ளங்கை அளவில் இருபத்து நான்கு தகடு வெட்டச் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. "ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒண்ணு அடிச்சிருங்க. இதுல வைங்க சந்தனம். எவ்வளவு வேணும்னாலும் வைங்க. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே வெட்டிக் குடுத்திருப்பேன்ல?"

இதுதான் நான் சொல்ல உட்கார்ந்தது. செல்வியை என்ன செய்ய வேண்டும் என்று நான் உனக்கு உத்தரவிடப்போவதில்லை. ஆலை உன்னுடையது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று; கொடுத்த பிறகு பின்வாசல் வழியாக வந்து ஆளும் தாய்மார்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருத்தியாக மாட்டேன். அவளைக் கண்டிக்கலாம், அந்த மேடையிலிருந்து மாற்றலாம், அனுப்பவும் செய்யலாம். ஆனால் எதைச் செய்தாலும், அம்மா செய்ததைத்தான் செய்கிறேன் என்று செய்யாதே. நீ முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட அந்த முடிவை, எடுத்தவளே திரும்பப் பெற்றுக்கொள்கிறாள். செல்வி தன் தவறை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டாள். எனக்கு இருபத்தாறு வருடமாயிற்று.

இன்னும் பத்து நாளில் ஆயுத பூஜை. திங்கட்கிழமை காலை நான் ஆலைக்கு வருகிறேன். முதலில் எடைமேடைக்குப் போய், அவன் விரல் ஏன் போயிற்று என்பதைக் கோவிந்தனிடம் நானே சொல்வேன். அவன் என்னை என்ன கேட்டாலும் நீ குறுக்கே வராதே. பிறகு இந்தக் கடிதத்தின் ஒரு நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், தவறாமல் படிக்கும்படி, பெரிய எழுத்தில். இன்னொரு நகல் முத்துப்பேட்டைக்குப் போகிறது. உன் அத்தைக்கும் ஒன்று அனுப்புகிறேன்; தொண்ணூறு வயதில் அவருக்கு இது சுவையான வாசிப்பாக இருக்கும். ஊர் என் கையைப் பற்றிப் பேசட்டும். அந்தக் கைக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, இனி அதற்குக் கூச்சமில்லை. அந்தச் சணலை யாரும் அறுக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்விட்சை மாற்றும்வரை தொட்டி ஓட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு அத்துமீறலை மன்னித்துக்கொள். சணலை நீயே அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்கு முன், எங்கே கட்டினாய், ஏன் அங்கே கட்டினாய் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

தகடுகள் என் மேசை மேல் இருக்கின்றன. இருபத்து நான்கும் ஒரே அளவு, உனக்குப் பிடிக்கும். நான் எட்டு மணிக்கு முன்பே வந்துவிடலாம். உன் ஒற்றைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நானே திறந்துகொள்வேன். நீ அவசரப்பட வேண்டாம். பதிவேட்டைப் படித்துவிட்டு வா.

அம்மா